மாடிப்படிக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்

மாடி வீடு கட்டியவர்களுக்கு மூப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டு நகரங்களின் இன்றைய குடும்பக் கவலைகளுள் பெரியதொன்றை இந்த ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

1980-களிலும் 1990-களிலும் உத்தியோகத்தில் இருந்தவர்கள் பிராவிடண்டு பண்டையும் வீட்டுக் கடனையும் நம்பி, சென்னை, மதுரை, கோவை, திருச்சி ஆகிய நகரங்களின் புறநகர்களில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். முதலில் கீழ்த்தளம், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மாடி. மாடி கட்டி முடிந்ததும், காற்றும் வெளிச்சமும் கருதித் தாங்கள் மேலே குடியேறிக் கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டவர்கள் பலர். நாற்பது வயதில் அது நல்ல யோசனைதான். எழுபத்தைந்து வயதில், முழங்கால் தேய்ந்து, மூச்சு வாங்கும்போது, அதே படிகள் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு சுவராக நிற்கின்றன. கோவிலுக்குப் போவது நிற்கிறது. காலை நடை நிற்கிறது. கல்யாணங்களுக்குப் போவது நிற்கிறது. கடைசியில், மருத்துவரைப் பார்ப்பதற்கு மட்டும் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவரும் நிலை வருகிறது.

இது ஏதோ சில வீடுகளின் கதையன்று. 2011 குடித்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 100-க்கு 10.4 பேர். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் மதிப்பீடு 2021-ம் ஆண்டுக்கு 13.6 என்றும், 2031-ம் ஆண்டுக்கு 18.2 என்றும் கணக்கிட்டிருக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் ஒன்றுதான் இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கு முன்னால் நிற்கிறது.

இந்த நிலையில், மாடிப்படியின் ஓரமாகத் தண்டவாளம் பதித்து, அதன்மேல் மின்சாரத்தால் ஏறி இறங்கும் நாற்காலியைப் பற்றிய பேச்சு நடுத்தரக் குடும்பங்களில் அடிபடத் தொடங்கியிருக்கிறது. இதற்கு ஸ்டேர்லிப்ட் என்று பெயர். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முதலில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "என்ன விலை?" என்பது. கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல; அது பலவற்றுள் ஒன்றுதான்.

நூறு படிகளின் கணக்கு

சாதாரண வீட்டில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் உயரம். ஒரு படி பதினேழரை சென்டிமீட்டர் என்று வைத்தால் 17 படிகள். நாளைக்கு மூன்று தடவை இறங்கி ஏறுகிறவர் 102 படிகளை மிதிக்கிறார். அவற்றுள் ஏறும் படி மூச்சைச் சோதிக்கிறது. இறங்கும் படி முழங்காலையும் நிதானத்தையும் சோதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 60 வயதைக் கடந்தவர்களே இதில் அதிகம்.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, பல வாரப் படுக்கை, உதவிக்கு ஆள், உடற்பயிற்சி மருத்துவர் என்று செலவு தொடர்கிறது. உயிர் பிழைத்தவர்களிலும் எல்லாரும் பழையபடி நடப்பதில்லை. ஆகவே படிக்குச் செலவிடும் பணத்தை ஆடம்பரம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், பயத்தை முன்னே நிறுத்தி விற்கப்படும் எந்தச் சாமானையும் கணக்குப் பார்க்காமல் வாங்குவதும் புத்திசாலித்தனம் அல்ல.

நாற்காலி எப்படி ஏறுகிறது?

இந்தக் கருவி புதியதன்று. 1920-களிலேயே அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிரிஸ்பென் என்பவர் படியேறும் நாற்காலி ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றே. தண்டவாளம் பெரும்பாலும் சுவரில் அல்ல, படிகளின் மேலேயே சிறு கால்கள் வைத்துப் பொருத்தப்படுகிறது. ஆகவே சுவர் பலவீனமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. படியின் கான்கிரீட்டும் கல்லும் உறுதியாக இருக்க வேண்டும்.

இன்றைய நாற்காலிகள் பெரும்பாலும் பாட்டரியில் ஓடுகின்றன. வீட்டு மின்சாரம் பாட்டரியை நிரப்ப மட்டுமே பயன்படுகிறது. எனவே மின்தடை ஏற்பட்டால் நடுப்படியில் சிக்கிக்கொள்ளும் பயம் இல்லை. மின்சாரம் இல்லாமலே சில தடவை ஏறி இறங்கலாம். வழியில் செருப்போ குழந்தையின் பொம்மையோ தடுத்தால் தானாக நின்றுவிடும் அமைப்பு உண்டு. இடுப்புப் பட்டை உண்டு. மேலே போய்ச் சேர்ந்ததும் இருக்கை மாடித் தளத்தின் பக்கம் திரும்பிக்கொள்ளும். படியை நோக்கி எழுந்திருக்க வேண்டியதில்லை. இருக்கை திரும்பும் வசதி மிக முக்கியமானது. விலை குறைகிறது என்று அதை விட்டுவிட்டு வாங்குவது, குடையை வாங்கித் துணியை விட்டுவிட்டு வருவது போலாகும்.

மின்கட்டணம் ஒரு பெரிய விஷயமே அல்ல. ஒரு நாளில் சில நிமிடங்களே ஓடும் இயந்திரம் அது.

படியின் வடிவமே விலையைத் தீர்மானிக்கிறது

நேராக ஏறும் படியானால் தண்டவாளம் நேராக இருக்கும். தயாராக உள்ளதை வேண்டிய நீளத்துக்கு வெட்டிப் பொருத்திவிடலாம். வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலான படிகள் பாதி ஏறியதும் ஒரு மேடையில் நின்று, திரும்பி, எதிர்த்திசையில் ஏறுகிறவை. அந்தத் திருப்பத்துக்கு ஏற்ப வளைந்த தண்டவாளம் வேண்டும். அதை அந்த ஒரு படிக்கென்றே அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும். அதனால் விலை நேர்ப்படியின் விலையைப்போல் இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது. இன்னொரு வீட்டுக்கு அது பொருந்தாது. திருப்பி விற்றால் பழைய இரும்பு விலைக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

திருப்பமுள்ள படிக்கு இரண்டு நேர்த் தண்டவாளமும் இரண்டு நாற்காலியுமாகப் போடலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. சில சமயம் இது மலிவாகவும் முடியும். ஆனால் நடு மேடையில் ஒன்றிலிருந்து எழுந்து மற்றொன்றில் உட்கார வேண்டும். எழுந்து உட்காருவதில் தடுமாற்றம் உள்ளவருக்கு, மிச்சப்படும் பணம் அந்த மேடையில்தான் கணக்குத் தீர்க்கும்.

வீட்டுக்கு வெளியே பக்கச் சுவரை ஒட்டி ஏறும் படிகள் தமிழ்நாட்டில் ஏராளம். வாடகைக்கு விடும் வசதிக்காகக் கட்டியவை. பல நேராக இருப்பதால் தண்டவாளம் மலிவு. ஆனால் வெயிலும் மழையும் நேராகப் படும். வெளிப்புறத்துக்கென்றே செய்த நாற்காலி வேண்டும். மேலே தகரக் கூரையாவது வேண்டும். உள் வீட்டு நாற்காலியை வாங்கி வெளியே வைத்து, இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்தது என்று சொல்லிப் பயனில்லை.

அகலமும் பார்க்க வேண்டும். தேசிய கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புப் படிகளுக்கு 1 மீட்டர் அகலம் சொல்கிறது. இரண்டு தளமுள்ள வரிசை வீடுகளுக்கு 75 சென்டிமீட்டர் போதும் என்கிறது. நாற்காலியை மடித்து வைத்த பின்னும் ஓர் அடிக்கு மேல் இடம் அடைக்கும். 1 மீட்டர் படியில் மற்றவர்கள் தாராளமாக நடக்கலாம். 75 சென்டிமீட்டர் படியில் காஸ் சிலிண்டரைத் தூக்கி வருபவரும், கட்டில் ஏற்றுபவரும், அவசரத்தில் ஸ்டிரெச்சர் கொண்டுவருபவர்களும் திண்டாட வேண்டியதுதான்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் பிரச்சினை வேறு. அங்கே படி ஒருவருடையதல்ல. எல்லாரும் வெளியேறும் வழியில் தண்டவாளம் பதிக்க, குடியிருப்போர் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறாமல் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்கலாகாது.

பத்தாண்டுக் கணக்கு

உதாரணமாக, நேர்ப்படி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குப் போடும் முறைதான் இங்கே முக்கியம்.

கருவியும் பொருத்தும் கூலியும் 2,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிப்ட் இனத்து இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அது 45,000 ரூபாய். விளம்பரத்தில் உள்ள விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் வேலை, கீழே உள்ள இரும்புக் கதவை நகர்த்துவது, உடைந்த படிக்கல்லைச் சரிசெய்வது ஆகியவற்றுக்கு 15,000 ரூபாய். ஆக முதல் நாள் செலவு 3,10,000 ரூபாய்.

பெரும்பாலான குடும்பங்கள் இங்கேயே கணக்கை முடித்துவிடுகின்றன. ஆனால் செலவு அங்கேதான் தொடங்குகிறது. முதல் ஆண்டு உத்தரவாதம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், வருஷம் 12,000 ரூபாய் என்றால் ஒன்பது ஆண்டுகளுக்கு 1,08,000. பாட்டரிகளுக்கு ஆயுள் சுமார் மூன்று முதல் ஐந்து ஆண்டு. பத்தாண்டில் இரண்டு தடவை மாற்ற, தடவைக்கு 15,000 வீதம் 30,000. உதிரிப் பாகங்களுக்கென்று 40,000 ஒதுக்கி வைக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து 1,78,000. ஆகப் பத்தாண்டில் மொத்தம் 4,88,000 ரூபாய். மூன்று லட்சம் என்று நினைத்த நாற்காலி ஐந்து லட்சத்தை எட்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓய்வுபெற்றவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பலருக்கு அது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கிடக்கிறது. 2023 ஏப்ரலில் நிர்ணயித்த 8.2 சதவீத வட்டியையே வைத்துப் பார்த்தால், 3,10,000 ரூபாய் ஆண்டுக்கு 25,420 ரூபாய் வட்டி தரும் முதல். அதை எடுத்தால் மாதம் 2,118 ரூபாய் வருமானம் குறைகிறது. பராமரிப்புச் செலவைப் பத்தாண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,483 ரூபாய். அதாவது, நாற்காலி வாங்கிய நாள் முதல் அந்த வீட்டின் மாத வரவு செலவில் சுமார் 3,600 ரூபாய் துண்டு விழுகிறது. பால், மருந்து, வேலைக்காரர் சம்பளம் ஆகியவற்றுக்குப் பிறகு அந்த 3,600 ரூபாயைத் தாங்க முடியுமா என்பதே உண்மையான கேள்வி.

அந்தச் சேமிப்புத் திட்டத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கணக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியாது. கணக்கையே முடிக்க வேண்டும். முதிர்வுக்கு முன் முடித்தால், இரண்டாண்டு கடந்திருந்தால் முதலில் 1 சதவீதம் பிடித்தம். ஓராண்டு கடந்து இரண்டாண்டு நிறையாதிருந்தால் ஒன்றரை சதவீதம். 15 லட்சம் போட்டவர் 3 லட்சம் தேவைக்காகக் கணக்கை இரண்டாண்டுக்குப் பிறகு முடித்தால், பிடித்தம் 3 லட்சத்துக்கல்ல, 15 லட்சத்துக்கும் சேர்த்து 15,000 ரூபாய். ஆகவே இப்படிப்பட்ட செலவு வரும் என்று தெரிந்தவர்கள் தொகையைப் பிரித்துப் பல கணக்குகளாகப் போடுவதும், கணக்கு முதிரும் தேதியை ஒட்டி வாங்குவதும் நலம்.

கீழே வந்துவிட்டால் என்ன?

"எதற்கு இவ்வளவு தொல்லை? கீழ்ப் போர்ஷனுக்கு வந்துவிடலாமே!" என்று அண்டை வீட்டார் சொல்வார்கள். பல வீடுகளில் இதுவே சரியான யோசனை. கீழே 15,000 வாடகை, மாடிக்கு 13,000 என்றால் இழப்பு மாதம் 2,000, பத்தாண்டில் 2,40,000. நாற்காலியின் செலவில் இது பாதிதான். அதோடு, நாற்காலி பழுதானால் சிறைப்படும் கவலையும் இல்லை.

ஆனால் இதிலும் சில செலவுகள் மறைந்திருக்கின்றன. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். 2017-ம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னாலும், பழைய வழக்கப்படி பத்து மாத வாடகை வாங்கிச் செலவழித்துவிட்ட வீட்டுக்காரர்கள் இல்லாமல் இல்லை. கீழே உள்ள குளியலறையும் கழிப்பறையும் முதியவருக்கு ஏற்றபடி மாற்றப்பட வேண்டும்.

சென்னை வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தாழ்வான பகுதிகளில் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். மாடிதான் பலருக்கு அடைக்கலம் தந்தது. எழுபத்தைந்து வயதில் மாடியை விட்டுக் கீழே குடிவந்தவரை, வெள்ளம் வரும் இரவில் மறுபடியும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? அங்கே நாற்காலி வாங்கினாலும், மழைக்காலத்தில் அதை மேல் முனையில் நிறுத்தி, மின் இணைப்பையும் மேலேயே வைத்துக்கொள்வது அவசியம்.

இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது மூன்றாவது ஒன்று. நம் படிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கைப்பிடி, மறுபக்கம் வெறுஞ்சுவர். இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத பட்டை, முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் கண்ணில் படும் வர்ணம், மேலும் கீழும் விளக்கு சுவிட்ச் ஆகிய இவை சில ஆயிரங்களில் முடியும் வேலை. நாற்காலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவை தேவை. இன்னும் நடக்கக்கூடியவருக்கு இவையே சில ஆண்டுகளைக் கொடுத்துவிடலாம்.

யாருக்கு உதவாது?

ஸ்டேர்லிப்ட் எல்லா முதியவருக்கும் உகந்ததல்ல. நாற்காலியில் தானாக உட்காரவும் எழவும் முடிந்தவருக்கே அது பயன்படும். சக்கர நாற்காலியை அது ஏற்றிச் செல்லாது. ஆகவே சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வேண்டும். ஞாபக மறதி நோய் உள்ளவர் நடுவழியில் பட்டையைக் கழற்றி எழுந்துவிடக் கூடும். பார்க்கின்சன் நோய் உள்ளவர் இன்றைக்கு நன்றாக உட்காரலாம். இரண்டு வருஷத்துக்குப் பின் முடியாமல் போகலாம்.

எனவே விற்பனையாளரை வீட்டுக்கு அழைப்பதற்கு முன் மருத்துவரையும் உடற்பயிற்சி மருத்துவரையும் கேட்க வேண்டும்: "இவருடைய நிலைமை மூன்று ஆண்டுக்குப் பிறகு எப்படி இருக்கும்?" பதில் நிச்சயமில்லை என்றால், பத்தாண்டுக் கணக்கை மூன்றாண்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்போது மாதச் செலவு திடுக்கிட வைக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கீழ்த்தளமே மேல். அல்லது வசதி உள்ளவர்களுக்கு, பல லட்சம் செலவானாலும் சக்கர நாற்காலியோடு நிமிர்ந்து ஏறும் வீட்டு லிப்ட் மேல்.

சர்க்கார் என்ன தருகிறது?

கையிருப்புப் போதாதபோது சர்க்காரை நோக்கிப் பார்ப்பது இயல்பு. 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தின் கீழ் ஏழை முதியோருக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காதுக் கருவி, பல்செட், கண்ணாடி ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல திட்டம்தான். ஆனால் தடியைக் கொடுக்கும் திட்டத்தில், அந்தத் தடியோடு ஏற வேண்டிய படிக்குக் கைப்பிடி இல்லை.

2024 அக்டோபர் முதல், 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானத்தைப் பாராமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை உண்டு. படியில் விழுந்து எலும்பு முறிந்தவருக்குச் சர்க்கார் லட்சக்கணக்கில் செலவிடத் தயாராக இருக்கிறது. விழாமல் இருக்கச் சில ஆயிரம் செலவிட அதில் இடமில்லை. தனியார் மருத்துவ இன்ஷூரன்சும் பொதுவாக இதே போக்குதான். வரியிலும் இந்த முரண்பாடு தெரிகிறது. சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம். லிப்ட் இனத்துக்கு 18 சதவீதம். கடைத்தெருவில் வணிகக் கட்டடத்துக்குப் போடும் லிப்டும் முழங்கால் இழந்த முதியவருக்குப் போடும் நாற்காலியும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தங்களைச் சார்ந்திருக்கும் ஊனமுற்ற பெற்றோருக்காக 75,000 ரூபாயும், கடுமையான ஊனமானால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. ஆனால் அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வயது மட்டும் போதாது.

வீடு இருந்தும் கையில் பணம் இல்லாத முதியோருக்கு மற்றொரு வழி உண்டு. தேசிய வீட்டு வசதி வங்கியின் 2008 விதிகளின்படி, 60 வயது நிறைந்தவர் தம் வீட்டின் பேரில் வங்கியிலிருந்து தவணையாகப் பணம் பெறலாம். உயிரோடிருக்கும் வரை வீட்டில் குடியிருக்கலாம். கடனை அப்போது திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வீட்டைப் புதுப்பிக்கவும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம். இந்த "தலைகீழ் அடமான"த்தை நம் நாட்டில் அதிகம் பேர் நாடவில்லை. பிள்ளைகளுக்கு வைத்துப் போக வேண்டிய வீட்டைக் கடனில் வைப்பதா என்ற மனத்தடை பெரியது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊனமுற்றோர் வீட்டைத் திருத்தி அமைக்க உள்ளாட்சி மன்றங்கள் 30,000 பவுன் வரை மானியம் தருகின்றன. ஸ்டேர்லிப்டும் அதில் சேரும். ஆனால் பெரியவர்களுக்கு வருமானத்தைப் பார்த்தே மானியம். ஊனமுற்றோர் வாங்கும் ஸ்டேர்லிப்டுக்கு அங்கே விற்பனை வரி கிடையாது. 60 வயது கடந்தவர்களுக்கு 5 சதவீதம் மட்டும்.

ஜப்பான் சிக்கனமாக யோசித்தது. 2000-ல் தொடங்கிய முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்சில், வீட்டில் கைப்பிடி போடவும் மேடு பள்ளத்தை நீக்கவும் 2 லட்சம் யென் வரையான வேலைக்கு உதவி உண்டு. இயந்திரத்தால் ஏறும் கருவிகளுக்கு அதில் உதவி இல்லை. அமெரிக்காவிலோ, முதியோருக்கான மெடிகேர் திட்டம் ஸ்டேர்லிப்டுக்குப் பணம் தருவதில்லை. செல்வம் மிகுந்த நாடுகளே இந்தச் செலவில் கை ஓங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டுக்கு ஜப்பானின் பாடமே பொருந்தும். ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்காலி என்று கேட்பது நடக்காத காரியம். ஏழை முதியோர் வீட்டுப் படிக்கும் கழிப்பறைக்கும் கைப்பிடி என்பது நடக்கக்கூடிய காரியம். அதோடு மருத்துவர் சான்று தரும் ஸ்டேர்லிப்டுக்குச் சக்கர நாற்காலியின் வரியே போதும் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு.

பணம் யாருடையது, பேச்சு யாருடையது?

குடும்பங்களில் இந்த விஷயம் சண்டையில் முடிவதற்குக் காரணம் பெரும்பாலும் நாற்காலியின் விலை அல்ல. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரே தவணையில் மூன்று லட்சம் அனுப்பிவிடுகிறார். ஊரெல்லாம் அவருக்குப் புகழ். அதன்பின் பத்தாண்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதும், பழுதானால் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் காத்திருப்பதும், அந்த நாட்களில் அப்பாவைத் தாங்கிப் பிடிப்பதும் உள்ளூரில் இருக்கும் மகள் தலையில் விழுகின்றன. ஐந்து லட்சக் கணக்கில் மூன்று லட்சம் ஒருவர் பங்கு, மிச்சம் பெயரில்லாத பங்கு. வாங்கும் நாளிலேயே இரண்டையும் எழுதிப் பிரித்துக்கொண்டால் மனத்தாங்கல் குறையும்.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் பெற வேண்டியவை சில உண்டு. வரி உட்பட மொத்த விலை. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பாட்டரியும் அதில் சேருமா என்பது. இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக் கட்டணம். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், அவர் சென்னையிலிருந்து வருவாரா, அந்த ஊரிலேயே இருக்கிறாரா என்பது. உதிரிப் பாகம் இறக்குமதியானால் எத்தனை நாளாகும் என்பது. தேவை தீர்ந்த பிறகு கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமா, என்ன விலைக்கு என்பது. ஸ்டேர்லிப்டுகளுக்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 9386-2 தர விதிக்கு உட்பட்டதா என்பது. வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமலிருப்பதே லாபம்.

முதியவரிடமும் கேட்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் அவரைத் தவிர மற்ற எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்துவிடுகிறார்கள். "எனக்கெதற்கு இவ்வளவு செலவு?" என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, அவர் விரும்பாத நாற்காலியை வாங்கி மாட்டவும் கூடாது. வாங்கிய சில மாதத்தில் துணி காயப்போடும் கொடியாக மாறிவிட்ட நாற்காலியில் மூன்று லட்சமும் தொங்கும். அவருக்கு மாடியில் இருப்பதில் பிரியமா, கீழே வந்தால் தெருவில் போகிறவர்களோடு நாலு வார்த்தை பேசலாம் என்ற ஆசையா என்பதை அவரே சொல்ல வேண்டும்.

கணக்குப் போடுவதற்கு ஏற்ற காலம், விழுவதற்கு முன்னால் உள்ள காலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்ற அவசரத்தில் வாங்குகிறவர்களுக்குப் பேரம் பேசவோ மூன்று இடத்தில் விலை கேட்கவோ நேரம் இருப்பதில்லை. படிகளை எண்ணி, அகலத்தை அளந்து, திருப்பத்தைப் படம் வரைந்து, மாதம் எவ்வளவு தாங்கும் என்று எழுதிவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். மறுநாள் திங்கட்கிழமை, மறு பக்கச் சுவரில் கைப்பிடி போட ஆளை அழைத்துவிடலாம். அதற்கு எந்தச் சேமிப்புக் கணக்கையும் முடிக்க வேண்டியதில்லை.